அந்த எக்செல் ஃபைலை யார் அழிப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். எந்த நாட்டில் என்ன சட்டம் வந்தது, மீறினால் எவ்வளவு அபராதம், நிறுவனங்கள் எப்போதுக்குள் தயாராக வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக எழுதுகிறீர்கள். ஆனால், சட்டப்படி நடப்பதாகச் சொல்லும் ஒரு அலுவலகத்துக்குள் நம் விவரங்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தரவுத்தளங்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறவள். ஆரம்பத்தில் தனியார் நிறுவனங்களில் இருந்தேன். அப்புறம் அரசுத் துறைகளுக்கு இணையவழிச் சேவைகள் அமைத்துத் தரும் குழுக்களுக்கு வந்தேன். எந்தப் பிரிவுக்கு எந்தத் தகவல் தேவைப்பட்டாலும் கடைசியில் என்னைப் போன்ற ஒருவரிடம்தான் வந்து நிற்பார்கள். "அந்த லிஸ்ட்டைக் கொஞ்சம் எக்செல்லில் எடுத்துக் கொடுங்களேன்." என் வேலையில் நான் அதிகம் கேட்டது இதைத்தான். இதற்கு நாங்கள் என்ன பதில் சொல்கிறோம் என்பதில்தான் தனியுரிமைச் சட்டம் நிற்கிறதா விழுகிறதா என்பது இருக்கிறது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

சட்டம் வருகிறது என்றதும் அலுவலகங்களில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். வழக்கறிஞர்கள் வருவார்கள். இணையதளத்தில் தனியுரிமைக் கொள்கை என்று ஒரு நீண்ட பக்கம் ஏறும். 'சம்மதம்' என்று ஒரு கட்டம் வரும். சர்வர் அறைக்குப் புதிய பூட்டு, தரவுத்தளத்துக்கு என்கிரிப்ஷன் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி விவரத்தை மாற்றி வைப்பது), ஊழியர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி. ஆடிட் செய்ய வருகிறவர்கள் இவற்றையெல்லாம் பார்த்து டிக் போட்டுவிட்டுப் போவார்கள். இவை எல்லாமே தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டுப் போட்டவர்கள், அதிலிருந்து நிரப்பிக்கொண்டு போன குடங்களை எண்ணவே இல்லை. தரவுத்தளம் ஒன்றுதான், அதிலிருந்து எடுத்த பிரதிகள் எத்தனை என்று கேட்டால் எந்த நிர்வாகத்திடமும் பதில் இருக்காது.

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளர் ஒருவர் தன் விவரங்களை முழுமையாக நீக்கச் சொல்லி மெயில் அனுப்பினார். கேட்பது அவர் உரிமை, நீக்குவது நிறுவனத்தின் கடமை. பதிவு நீக்கப்பட்டது. 'உங்கள் தரவு அழிக்கப்பட்டுவிட்டது' என்று சட்டப் பிரிவிலிருந்து பதிலும் போனது. சில வாரங்களில் எங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே அவருக்கு ஒரு விளம்பரக் குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்தது. கொதித்துப்போய் எழுதியிருந்தார், நியாயம்தானே. தேடிப் பார்த்ததில், பழைய விற்பனைத் திட்டம் ஒன்றுக்காக எடுத்த பட்டியல் குறுஞ்செய்தி அனுப்பும் ஏஜென்சியிடம் அப்படியே இருந்தது. அதே ஃபைல் விற்பனைப் பிரிவில் சிலருடைய லேப்டாப்களில் இருந்தது. வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் சொந்த மெயிலுக்கும் போயிருந்தது. அதை அழிக்கச் சொல்லி யாரிடம் கேட்பது? நிறுவனம் அந்த வாடிக்கையாளரிடம் பொய் சொல்ல நினைக்கவில்லை. தன்னிடம் என்ன இருக்கிறது என்று அதற்கே தெரியவில்லை, அவ்வளவுதான். சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றுதான், அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

தரவுத் திருட்டு என்றதும் எல்லோருக்கும் ஹேக்கர்தான் நினைவுக்கு வருகிறார். ஹேக்கர்கள் இருக்கிறார்கள், அவர்களால் வரும் சேதமும் பெரிதுதான். ஆனால் அரசுகளை உலுக்கிய சில பெரிய கசிவுகளில் யாரும் எதையும் உடைத்து உள்ளே வரவில்லை. 2007 அக்டோபரில் பிரிட்டனின் வருவாய், சுங்கத் துறை, குழந்தைகளுக்கான உதவித்தொகை பெறும் குடும்பங்களின் முழுப் பட்டியலையும் இரண்டு சிடிக்களில் எழுதி தேசியத் தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்பியது. ஏறத்தாழ 2.5 கோடி பேரின் விவரம். பெயர், முகவரி, பிறந்த தேதி, தேசியக் காப்பீட்டு எண், வங்கிக் கணக்கு எல்லாம் இருந்தன. பாஸ்வேர்டு போட்டிருந்தார்கள், என்கிரிப்ஷன் செய்யவில்லை. பதிவுத் தபாலாகவும் அனுப்பவில்லை. சிடிக்கள் போய்ச் சேரவே இல்லை. நவம்பர் 20 அன்று நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று இதைச் சொன்னார். துறைத் தலைவர் பதவி விலகினார்.

அந்தச் சம்பவத்தில் என் மனதை விட்டு அகலாதது வேறொன்று. தணிக்கை அலுவலகம் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே, முகவரி, வங்கி விவரம், பெற்றோர் விவரம் எதுவும் வேண்டாம், நீக்கிவிட்டு அனுப்புங்கள் என்று கேட்டிருந்தது. அப்படிப் பிரித்தெடுத்தால் கூடுதல் செலவாகும் என்று வருவாய்த் துறையிலிருந்து பதில் போயிருக்கிறது. அட்டவணையில் தேவையில்லாத பத்திகளை (column) நீக்க ஒரு சிறு வேலை. அந்தச் சிறு வேலைக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்கத்தான் 2.5 கோடி பேரின் முழு விவரமும் தபாலில் கிளம்பியது. எங்கள் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இது தெரியும்: முழு அட்டவணையை அப்படியே எடுத்துக் கொடுப்பது எளிது, வேண்டியதை மட்டும் பிரித்துக் கொடுப்பதற்கு யோசிக்க வேண்டும். அவசரம் என்றால் முழு அட்டவணைதான் போகும்.

இது சிடி காலத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல்துறையிடம், எந்தெந்தப் பதவியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டப்படி ஒருவர் கேட்டார். வெறும் எண்ணிக்கை. பதிலாகப் போன எக்செல் கோப்பில் எண்ணிக்கை சரியாக இருந்தது. கூடவே, மறைந்திருந்த ஒரு ஷீட்டில் 9,483 அதிகாரிகள், ஊழியர்களின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம், பிரிவு எல்லாம் இருந்தன. எண்ணிக்கையைக் கணக்கிட எடுத்த மூலப் பட்டியல் அது, யாரும் நீக்கவில்லை. கோப்பு சில மணி நேரம் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி கிடந்தது. ஆயுதக் குழுக்களின் மிரட்டலால் பக்கத்து வீட்டாரிடம்கூடத் தங்கள் வேலையைச் சொல்லாமல் வாழ்கிற காவலர்கள் அங்கே உண்டு. கேட்டது ஒரு கூட்டல் விடை. போனது ஒவ்வொருவருடைய பெயரும்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2022 பிப்ரவரியில், பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறையில் இதைவிட மோசமானது நடந்தது. தாலிபான்களுக்கு அஞ்சி பிரிட்டனில் இடம் கேட்டு விண்ணப்பித்திருந்த ஆப்கானியர்களின் பட்டியல் ஒரு மெயிலில் இணைப்பாகப் போனது. அனுப்பியவர் அதில் 150 வரிசைகள்தான் இருப்பதாக நினைத்திருக்கிறார். இருந்தது ஏறத்தாழ 19,000 விண்ணப்பதாரர்களின் விவரம். 2023இல் அதில் ஒரு பகுதி ஃபேஸ்புக்கில் தென்பட்ட பிறகுதான் துறைக்கே தெரிந்தது. செய்தி வெளிவராதபடி நீதிமன்றத் தடை இருந்ததால் 2025 ஜூலை வரை உலகத்துக்குத் தெரியாது. அந்தப் பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்குமே தெரியாது.

இந்த மூன்று இடத்திலும் மூலத் தரவுத்தளத்தை யாரும் உடைக்கவில்லை. அதிலிருந்து ஒருவர் ஒரு பிரதி எடுத்தார், பிரதி தன் வழியில் போனது.

சரி, ஏன் இவ்வளவு பிரதிகள்? கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. மேலதிகாரிக்கு மாலைக்குள் அறிக்கை வேண்டும். சாஃப்ட்வேரில் அந்த அறிக்கை இல்லை. புதிதாகச் செய்து தரச் சொன்னால் மாதக்கணக்கில் ஆகும். எக்செல்லில் எடுத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால் எடுக்கிறார்கள். வேலை முடிந்ததும் அழிப்பதில்லை, ஏனென்றால் அடுத்த மாதமும் கேட்பார்கள். ஃபைல் பெயரில் 'ஃபைனல்' என்று இருக்கும், அப்புறம் 'ஃபைனல் 2' வரும், அப்புறம் 'புதிய ஃபைனல்'. ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கானவர்களின் கைபேசி எண்ணும் பிறந்த தேதியும் இருக்கும். அதற்கு பாஸ்வேர்டு கிடையாது. யார் திறந்தார்கள் என்ற பதிவும் கிடையாது. தரவுத்தளத்துக்குள் இருக்கும்போது அந்த விவரங்களுக்கு இருந்த அத்தனை பாதுகாப்பும் டவுன்லோடு பொத்தானை அழுத்திய நொடியில் உதிர்ந்துவிடுகிறது.

அரசுப் பக்கம் வந்த பிறகு இதை இன்னும் கூர்மையாகப் பார்த்தேன். ஒரு துறையில், உதவிக்கு விண்ணப்பித்தவர்களின் முழுப் பட்டியலும் ஆய்வுக் கூட்டத்துக்கு முன்பாக வாட்ஸ்ஆப் குழுவில் போகும். அந்தப் பட்டியலில் விண்ணப்பதாரரின் உடல்நிலை பற்றிய ஒரு பத்தி உண்டு. கூட்டத்தில் பேசுவது எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை நிலுவை, ஏன் நிலுவை என்பதை மட்டும்தான். ஒரு மனிதரின் நோய் என்ன என்பதை அந்தக் குழுவில் இருந்த ஒருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் அத்தனை கைபேசிகளிலும் அது இறங்கியது. அதில் பெயர் இருந்த ஒருவருக்குக்கூட தன் நோய் இப்படிக் கைமாறுகிறது என்று தெரியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். உதவி தேவைப்பட்டதால் அவர்கள் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தவர்கள். கொடுக்காமல் இருக்க அவர்களுக்கு வழியும் இல்லை.

வணிகத்துக்கும் அரசுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான். ஒரு நிறுவனத்தின் செயலி பிடிக்கவில்லை என்றால் நீக்கிவிட்டு வேறொன்றுக்குப் போகலாம். அரசு கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். அப்படியிருக்க, அரசுக்கு விதி கடுமையாக இருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பல சட்டங்களில் நிலைமை தலைகீழ். சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டு தனிநபர் தரவுச் சட்டம் அரசு அமைப்புகளுக்குப் பொருந்தாது. அவற்றுக்குத் தனி விதிகள். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டரசையும் மாநில அரசுகளையும் விட்டுவிடுகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் அரசையும் உள்ளடக்கினாலும், அரசு அமைப்புகளுக்கு அறிவிக்கை மூலம் விலக்குத் தர மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. சிங்கப்பூரில் 2019 செப்டம்பரிலிருந்து, சட்டப்படி தேவை இருந்தாலோ, ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ ஒழிய, தனியார் அமைப்புகள் மக்களின் அடையாள அட்டை எண்ணை வாங்கவே கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. நல்ல விதி. 2024 டிசம்பரில் அரசின் நிறுவனப் பதிவு இணையதளத்தில் பெயரைத் தேடினால் முழு அடையாள எண்ணும் தெரிந்தது. மக்கள் கோபப்பட்டார்கள், அரசு மன்னிப்புக் கேட்டது. கடைக்காரர் கேட்கக் கூடாத எண்ணை அரசு இணையதளமே காட்டினால், கடைக்காரர் அந்த விதியை எப்படி மதிப்பார்?

அபராதம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. நிறுவனங்களைப் பொறுத்தவரை அபராதத்துக்கு வலு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையில், பெரிய மீறலுக்கு 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை போகலாம். இந்தியச் சட்டத்தில், தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை. இவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டால் நிர்வாக இயக்குநர் நிமிர்ந்து உட்காருவார். அரசுத் துறைக்கு அபராதம் போட்டால் பணம் ஒரு அரசுக் கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போகும். அது மக்கள் வரிப் பணமும்கூட. வட அயர்லாந்து காவல்துறை வழக்கில் பிரிட்டனின் தகவல் ஆணையரே இதை உணர்ந்துதான், 56 லட்சம் பவுண்டு போட்டிருக்க வேண்டியதை 7.5 லட்சமாகக் குறைத்தார். அரசுத் துறையை மாற்ற வேறு வழி வேண்டும்.

அந்த வழி இருக்கிறது, ஒரு சிறிய நாட்டில் ஓடிக்கொண்டும் இருக்கிறது. எஸ்தோனியாவில் 2001ஆம் ஆண்டிலிருந்து 'எக்ஸ்-ரோடு' என்ற இணைப்பு முறை இருக்கிறது. ஒவ்வொரு துறையும் தன் தரவைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். இன்னொரு துறைக்கு ஒரு விவரம் தேவைப்பட்டால் பட்டியலை வாங்கிக்கொண்டு போகாது. அந்த ஒரு கேள்வியைக் கேட்கும், அந்த ஒரு பதிலைப் பெறும். ஏற்கெனவே ஒரு தரவுத்தளத்தில் திரட்டப்படும் அதே விவரத்தைத் திரட்ட இன்னொரு தரவுத்தளம் ஏற்படுத்தக் கூடாது என்று அவர்கள் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை என் தொழிலில் இல்லாதவர்களுக்கு விளக்குவது கஷ்டம். பிரதி எடுக்காதே என்று ஒரு நாடாளுமன்றம் சொல்லியிருக்கிறது! அதோடு, தன் விவரத்தை எந்த அமைப்பு எப்போது பார்த்தது என்பதைக் குடிமகன் தன் கணக்கில் உள்ளே போய் பார்க்கவும் முடியும். எல்லா அமைப்புகளும் அதில் இணையவில்லைதான். ஆனால் பார்க்கிறவரை நாமும் பார்க்கலாம் என்ற நிலை வந்துவிட்டால், வெறும் ஆர்வத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரரின் பதிவைத் திறக்கும் கை தானாகவே தயங்கும்.

தயங்க வேண்டியவர்கள் எவ்வளவு பேர் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2018இல் போர்ச்சுகலில் ஒரு மருத்துவமனைக்கு 4 லட்சம் யூரோ அபராதம் விதித்தார்கள். அங்கே இருந்த மருத்துவர்கள் 296 பேர். நோயாளிகளின் பதிவைத் திறக்க வல்ல மருத்துவர் லாகின்கள் 985. விட்டுப்போனவர்கள், தற்காலிகமாக வந்தவர்கள், அவசரத்துக்கு ஒரு லாகின் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டவர்கள் என்று சேர்ந்துகொண்டே போன கணக்கு. எந்த அலுவலகத்தில் எண்ணிப் பார்த்தாலும் இந்த விகிதம் கண்டு அதிர்ச்சிதான் கிடைக்கும்.

டவுன்லோடு பொத்தானைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நெதர்லாந்தில் கொரோனா காலத்தில், பரிசோதனைக்கும் தொற்றுத் தொடர்புகளைக் கண்டறிவதற்கும் ஆயிரக்கணக்கான தற்காலிக ஊழியர்களைச் சுகாதார அமைப்புகள் வேலைக்கு எடுத்தன. 2021 ஜனவரியில், அந்த அமைப்பிலிருந்து மக்களின் முகவரி, கைபேசி எண், அடையாள எண் எல்லாம் டெலிகிராம் குழுக்களில் விற்பனைக்கு வந்தது அம்பலமானது. முறைப்படி லாகின் உள்ள ஊழியர்கள், ஸ்கிரீனைப் படம் எடுத்தும் கோப்பாக எடுத்தும் விற்றிருக்கிறார்கள். மொத்தமாகக் கோப்பு எடுக்கும் வசதியை அதற்குப் பிறகுதான் நிறுத்தினார்கள். ஒரு நேரத்தில் ஒருவரிடம் போனில் பேசும் ஊழியருக்கு மொத்தப் பட்டியலை இறக்கும் வசதி எதற்கு? யாரும் வேண்டுமென்று வைத்திருக்க மாட்டார்கள். மென்பொருளோடு வந்தது, எடுக்கச் சொல்ல ஆளில்லை. நான் வேலை பார்க்கும் இடங்களில் முதலில் கேட்பது இதைத்தான்: இந்தப் பொத்தான் யாருக்கெல்லாம் தெரிகிறது?

"பெயரை எடுத்துவிட்டுத்தானே கொடுக்கிறோம்" என்று ஒரு பதில் வரும். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் சர்வருக்கு லைவ் டேட்டாவை, அதாவது மக்களின் உண்மையான விவரங்களை, அப்படியே கேட்கிறவர்கள் சொல்வதும் இதுதான். பெயரை எடுத்தால் ஆள் மறைந்துவிடுவதில்லை. அமெரிக்க ஆராய்ச்சியாளர் லடான்யா ஸ்வீனி, 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து, பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இந்த மூன்று மட்டும் இருந்தாலே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் காணலாம் என்று மதிப்பிட்டார். சோதனைக்குக் கற்பனைப் பெயர்களும் எண்களும் கொண்ட தரவை உருவாக்கிக்கொள்ளலாம். ஒரு நாள் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

நான் கேட்பது எதுவும் புதிய சட்டம் இல்லை. ஐரோப்பிய விதிமுறையின் 5ஆம் பிரிவு, தேவையான அளவுக்கு மட்டும் திரட்டு, தேவையான காலம் வரை மட்டும் வைத்திரு என்று சொல்லிவிட்டது. நோக்கம் நிறைவேறியதும் அழிக்க வேண்டும் என்று இந்தியச் சட்டமும் சொல்கிறது. 2025 நவம்பரில் வந்த அதன் விதிகள், தரவை யார் அணுகினார்கள் என்ற பதிவுகளை ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கின்றன. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசமும் தருகின்றன. அந்த அவகாசத்தில் நிறுவனங்கள் எதைச் செய்யப்போகின்றன என்பதுதான் என் கவலை. ஐரோப்பாவில் 30ஆம் பிரிவின்படி தரவுச் செயல்பாடுகளுக்கு ஒரு பதிவேடு வைக்கிறார்கள். அத்தகைய பதிவேட்டில் 'வாடிக்கையாளர் விவரம், விற்பனைக்காக' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை ஃபைல்கள், யார் யாரிடம் என்பது அதில் இருக்காது.

அதனால் பிரதிகளுக்கென்று ஒரு பதிவேடு வேண்டும் என்கிறேன். யார் கேட்டார், எதற்குக் கேட்டார், எந்தெந்தப் பத்திகள் போயின, எந்தத் தேதியில் அழிக்க வேண்டும், அழித்ததை யார் உறுதி செய்தார். மொத்தமே இவ்வளவுதான். ஒருவர் தன் விவரத்தை நீக்கச் சொன்னால் இந்தப் பதிவேட்டைப் பார்த்து எல்லா இடத்துக்கும் தகவல் போக வேண்டும். இதற்குப் பெரிய மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ஆனால் இது இருக்கும் இடத்தில் கேட்கும் விதமே மாறிவிடுகிறது. நான் மேலே சொன்ன அந்தத் துறையில், பட்டியலுக்குப் பதிலாக நிலுவை எண்ணிக்கையை மட்டும் காட்டும் ஒரு பக்கம் செய்து தருகிறேன் என்று சொன்னேன். முதலில் யாருக்கும் பிடிக்கவில்லை. பிறகு வந்த ஒரு அதிகாரி சரி என்றார். பக்கம் வந்த பிறகு கூட்டத்துக்கு முழுப் பட்டியல் கேட்பது படிப்படியாக நின்றுபோனது. பட்டியலைத் தூக்கிக்கொண்டு அலைய உண்மையில் யாருக்கும் ஆசை இல்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு விடை. விடை கையில் கிடைத்தால் பட்டியலைக் கேட்பதில்லை.

எங்களைப் போன்றவர்களுக்காகவும் ஒரு வார்த்தை. கசிவு வெளியே வந்ததும் நிர்வாகம் முதலில் தேடுவது ஒரு கீழ்நிலை ஊழியரைத்தான். 2007 பிரிட்டன் விவகாரத்திலும் முதலில் பேச்சு ஒரு இளநிலை அலுவலரைப் பற்றித்தான் இருந்தது. பின்னர் வந்த விசாரணை அறிக்கைகள் குறை நிறுவன அமைப்பிலேயே இருந்தது என்று சொல்லின. மாலைக்குள் வேண்டும் என்று கேட்ட மேலதிகாரியின் பெயர் எந்த மெமோவிலும் வருவதில்லை. பட்டியல் கேட்பவர் கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும் என்ற விதி வந்தால், எடுத்துக் கொடுக்கிற பிள்ளைகள் 'இந்தப் பத்தி எதற்கு சார்?' என்று கேட்கத் துணிவார்கள். இப்போது அப்படிக் கேட்பவர்களுக்கு 'ஒத்துழைக்காதவர்' என்ற பெயர்தான் கிடைக்கிறது. நல்ல ஊழியர்கள் பலர் அந்தப் பெயருக்குப் பயந்தே வாயை மூடிக்கொண்டு ஃபைலை அனுப்புகிறார்கள்.

உங்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த முறை ஒரு கசிவுச் செய்தி வரும்போது உங்கள் நிருபர்கள் எத்தனை லட்சம் பேரின் தரவு என்பதோடு நிறுத்த வேண்டாம். கசிந்தது மூலத் தரவுத்தளமா, ஒரு பிரதியா என்று கேட்கட்டும். பிரதி என்றால் யார் கேட்டு எடுத்தது, அத்தனை பத்திகளும் தேவைப்பட்டனவா, அது எப்போது அழிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்கட்டும். தேர்தல் நேரத்தில் வேட்பாளர்களிடம் கேட்பதுபோல, ஒவ்வொரு அரசுத் துறைக்கும் ஒவ்வொரு பெரிய நிறுவனத்துக்கும் "உங்களிடம் எத்தனை பிரதிகள் இருக்கின்றன?" என்று எழுத்தில் அனுப்பி, வந்த பதிலையும் வராத பதிலையும் பிரசுரியுங்கள். உங்கள் சந்தாதாரர் பட்டியலையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் வாசகர்கள் மதிப்பார்கள்.

நான் இன்னும் இதே வேலையில் இருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
தரவுத்தள நிர்வாகி